ஒரு சுருட்டுக்கு இத்தனை விலை எதற்காக?

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தபோது, வயது முதிர்ந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மகன் துபாயில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறார். தம் மேலாளருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்குக் கியூபா நாட்டுச் சுருட்டுப் பெட்டி ஒன்றை வாங்கப்போவதாக அந்த மகன் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் இருப்பவை பத்தே பத்துச் சுருட்டுகள். விலையோ அவர் வீட்டுக்கு இரண்டு மாதம் அனுப்பும் தொகைக்குச் சமம்.

"புகைப்பது சரியா, தவறா என்று நான் கேட்க வரவில்லை, ஹஜ்ரத். அது எனக்குத் தெரியும். அத்தனை விலை கொடுக்கும்படி ஒரு சுருட்டில் என்னதான் இருக்கிறது? அதைத்தான் கேட்கிறேன்" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. நம் இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் தூரக் கிழக்கு நாடுகளிலும் பொருளீட்டுகிறார்கள். விமான நிலையக் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் இத்தகைய பெட்டிகளை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே விளக்குவது நலம் என்று கருதுகிறேன்.

சுருட்டு என்பது நமக்குப் புதிய பொருளன்று. ஆங்கிலேயர் வழங்கும் 'செரூட்' என்னும் சொல்லே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதுதான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டுகள் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து வரை போயின. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில் அச்சுருட்டின் சாம்பல் ஒரு தடயமாகவே வருகிறது. எனினும் நம் பாட்டனார் காலத்துச் சுருட்டு எளியவரும் வாங்கக்கூடிய பண்டமாக இருந்தது. இப்போது பேசப்படுவது வேறு வகை.

உழைப்புக்குரிய பங்கு

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உயர்ந்த சுருட்டின் விலை முழுவதும் ஏமாற்று என்று சொல்வது உண்மையாகாது.

கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ என்னும் மாகாணம் உள்ளது. அங்குள்ள செம்மண் நிலங்களில் விளையும் புகையிலைக்கே உலகில் பெரும் பெயர். சுருட்டின் மேலுறையாக அமையும் இலையை வெயில் நேரடியாகத் தாக்காதவாறு மெல்லிய துணிப் பந்தலின் கீழ் வளர்க்கிறார்கள். உள்ளே வைக்கும் இலைகள் திறந்த வெயிலில் வளர்கின்றன. ஒரே செடியில் அடியிலுள்ள இலை எளிதில் எரியும். நடுவிலுள்ளது மணம் தரும். உச்சியிலுள்ளது காரம் தரும். இவை தனித்தனியே பறிக்கப்படுகின்றன. பிறகு கொட்டகைகளில் கழிகளில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அதன்பின் குவியலாக அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். குவியல் தானாகவே சூடேறி, இலையிலுள்ள அம்மோனியா வெளியேறி, கசப்புக் குறைகிறது. பிறகு பொதிகளாகக் கட்டி முதிர வைக்கிறார்கள். காரமான இலைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகுதான் அவை சுருட்டுபவரின் பலகைக்கு வருகின்றன. அரைவட்ட வடிவக் கத்தி ஒன்றும் சிறிது பசையுமே அவருடைய கருவிகள். தேர்ந்த கைகாரர் ஒரு நாளில் ஏறத்தாழ நூறு சுருட்டுகள் செய்வார். இடையே ஒரு செய்தி: ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளையும் நாவல்களையும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865 முதல் இருந்து வருகிறது. 'மாண்டி கிறிஸ்டோ' என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயரே அவ்வாறு வாசிக்கப்பட்ட பிரெஞ்சு நாவலிலிருந்து வந்ததுதான். படிக்க வாய்ப்பற்ற தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்தே வாசிப்பவருக்குப் பணம் கொடுத்துக் கல்வியைக் கேட்டுப் பெற்றார்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள் மீது மதிப்பே ஏற்படுகிறது.

ஆகவே நிலம், காலம், கைத்திறன் ஆகிய மூன்றுக்கும் விலை உண்டு. அது எவ்வளவு? இதே முறையில், கியூபா விதையின் வழிவந்த புகையிலையைக் கொண்டு, நிகரகுவா, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளிலும் கையாலேயே சுருட்டுகள் செய்யப்படுகின்றன. அவற்றுள் தரமானவை அமெரிக்கக் கடைகளில் பத்துப் பதினைந்து டாலருக்குள் கிடைக்கின்றன. விவசாயி, தொழிலாளி, ஆலை, கப்பல், கடைக்காரர் ஆகிய அனைவருடைய பங்கும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அப்படியாயின் நூறு, இருநூறு, ஐந்நூறு டாலர் என்று வாங்கப்படும் எஞ்சிய தொகை எதற்காக?

பெயருக்குரிய பங்கு

கோஹிபா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இன்று மிக உயர்ந்த விலைக்கு விற்கும் சுருட்டுகளுள் இது முதன்மையானது. ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் புகைத்துக்கொண்டிருந்த சுருட்டு அவருக்குப் பிடித்துப்போனது. 1966இல் அது தனிப் பெயரில் செய்யப்படலாயிற்று. தொடக்கத்தில் அது கடையில் கிடைக்காது. அதிபர் புகைப்பதற்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசளிப்பதற்கும் மட்டுமே. 1982இல்தான் பொது விற்பனைக்கு வந்தது. அதன் இலைகள் மற்றவற்றைப் போலன்றி மூன்றாம் முறையும் புளிக்க வைக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் மன்னர்களும் அதிபர்களும் புகைத்தது என்ற எண்ணமே பணமாக மாறியது.

2006இல் அதன் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காக 'பெஹிக்கே' என்ற பெயரில் நூறே பெட்டிகள் செய்தார்கள். பெட்டிக்கு 40 வீதம் மொத்தம் 4,000 சுருட்டுகள். அத்தனையையும் சுருட்டியவர் ஒரே பெண் தொழிலாளி. ஒரு பெட்டியின் விலை ஏறத்தாழ 15,000 யூரோ. அதாவது ஒரு சுருட்டுக்கு 375 யூரோ. எண்ணிக்கை குறைவு என்பதைத் தவிர இந்த விலைக்கு வேறு பெரிய காரணம் இல்லை.

தடையும் விலையை ஏற்றும். 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவின் மீது வணிகத் தடை விதித்தார். கையொப்பமிடுவதற்கு முன்னர், தமக்குப் பிடித்த சிறு சுருட்டுகள் ஆயிரத்தைத் தேடி வாங்கி வருமாறு தம் செய்திச் செயலாளரை ஏவினார். அவரோ 1,200 வாங்கி வந்தார். பிறகே ஆணையில் கையொப்பம் விழுந்தது. அந்தச் செயலாளரே பின்னாளில் எழுதிய செய்தி இது. விலக்கப்பட்டதன் மீது மனிதனுக்கு ஆசை கூடும் என்பதை ஆதம் அலைஹிஸ்ஸலாம் காலத்திலிருந்தே நாம் அறிவோம், வணிகர்களும் அறிவார்கள்.

அண்மைக்கால நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. 2022ஆம் ஆண்டின் நடுவில் கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனம், கோஹிபா, டிரினிடாட் ஆகிய இரு பெயர்களின் விலையை எல்லா நாடுகளிலும் ஹாங்காங்கில் விற்கும் விலைக்கு நிகராக உயர்த்தியது. ஐரோப்பாவில் பல வகைகள் ஒரே நாளில் இருமடங்கும் அதற்கு மேலும் ஏறின. அதே ஆண்டு செப்டம்பரில்தான் இயான் புயல் பினார் டெல் ரியோவைத் தாக்கி ஆயிரக்கணக்கான உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்தது; ஆகவே புயலைக் காரணம் சொல்லவும் வழியில்லை. முதல் நாள் கடையில் இருந்த அதே சுருட்டு, மறுநாள் இரண்டு மடங்கு விலை. இலை மாறவில்லை, கை மாறவில்லை.

வாங்குவோர் பின்வாங்கினார்களா? 2022இல் 54.5 கோடி டாலராக இருந்த அந்நிறுவனத்தின் விற்பனை, 2023இல் 72.1 கோடியாகவும், 2024இல் 82.7 கோடியாகவும் ஏறியது. விலை ஏறியதால் கவர்ச்சியும் ஏறியது என்றே கொள்ள வேண்டியுள்ளது. அந்த நிலத்தின் விவசாயியோ தம் விளைச்சலில் 90 விழுக்காட்டை அரசுக்கே, அரசு குறிக்கும் விலைக்கே கொடுக்கக் கடமைப்பட்டவர். ஹாங்காங் விலை அவருடைய வீட்டு வாசலை எட்டுவதில்லை.

சுவை மிகுதியாக இருக்குமல்லவா என்று சிலர் கேட்கலாம். இத்துறைக்கென்றே 1992 முதல் அமெரிக்காவில் வெளிவரும் ஒரு சஞ்சிகை, பெயர்ப்பட்டையை மறைத்துவிட்டுச் சுவைத்து மதிப்பெண் இடுவதாகச் சொல்கிறது. 2010இல் அது ஆண்டின் சிறந்த சுருட்டாகத் தேர்ந்தெடுத்தது கோஹிபா பெஹிக்கேயின் ஒரு வகையை. 2012இல் அதே இடத்தைப் பெற்றது பத்து டாலருக்கும் குறைந்த விலையுள்ள ஒரு நிகரகுவாச் சுருட்டு. பட்டையை மறைத்தால் நாக்குக்கு விலை தெரிவதில்லை.

இதனோடு போலிகளின் தொல்லையும் உண்டு. கியூபச் சுருட்டுகளுள் மிகுதியாகப் போலி செய்யப்படுவது கோஹிபாதான். பெட்டியில் அரசு முத்திரைத் தாள் ஒட்டுவது 1912இலேயே சட்டமாயிற்று, இன்று ஒளிப்படலமும் சேர்க்கிறார்கள், போலி நின்றபாடில்லை. வாங்கி வைத்தால் பின்னாளில் விலை ஏறும், தங்கம் போலச் சேமிப்பு என்று சொல்லும் இளைஞர்களும் உள்ளனர். தங்கத்தை அலமாரியில் வைத்தால் போதும். சுருட்டுக்கோ 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் மாறாத தனிப் பேழை வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, உறையைத் துளைத்து மாவாக்கிவிடும்.

முஸ்லிம் சகோதரர்கள் தனியே அறிய வேண்டிய ஒன்று: கூர்க்கா என்ற பெயரில் ஒரு சுருட்டுக்கு 750 டாலர் வரை விலையிட்டு விற்கப்பட்ட ஒரு வகை, லூயி பதின்மூன்று என்னும் விலையுயர்ந்த கொன்யாக் மதுவை ஊட்டித் தயாரிக்கப்பட்டது. இருபது சுருட்டுகளுக்கு ஒரு முழுப் புட்டி. பெட்டியின் அழகைப் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியாமலே போகலாம்.

உடலுக்கு உயர்ந்த விலை தெரியாது

விலை உயர்ந்தது தூய்மையானது, ஆகவே கெடுதல் குறைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதுவே மிகவும் ஆபத்தான தவறு. பெரிய சுருட்டுகள் சிலவற்றில் ஒரு முழு சிகரெட் பெட்டியில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கிறது. சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. எனவே நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படச் சுருட்டு காரணமாகிறது என்பது மருத்துவ உலகம் ஐயமற நிறுவிய செய்தி. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் என்னும் பொருள்கள் உருவாவது இலையை உலர்த்திப் புளிக்க வைக்கும்போதுதான். எந்தப் பக்குவத்துக்காக உயர்ந்த விலை கொடுக்கிறோமோ, அந்தப் பக்குவத்திலேயே நஞ்சும் பிறக்கிறது.

கோஹிபா யாருக்காகப் பிறந்ததோ, அந்தக் காஸ்ட்ரோவே தம் நாட்டு மக்களின் உடல்நலத்திற்கு முன்மாதிரியாக 1985இல் புகைப்பதை விட்டுவிட்டார். ஹவானாவில் ஆண்டுதோறும் நடக்கும் சுருட்டு விழாவின் ஏலத்தில் 2024இல் சில பேழைகள் மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயின. அந்தத் தொகை செல்வது கியூபாவின் பொதுச் சுகாதாரத் துறைக்கு!

உலமாக்களின் பார்வை

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலத்தில். அப்போதே கருத்து வேறுபாடு எழுந்தது. 1633இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் அதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு மரண தண்டனையும் கொடுத்தார். டமாஸ்கஸின் இமாம் அப்துல் கனி அந்நாபுலுசி போன்றோர் அது ஆகுமானதே என்று எழுதினார்கள். வேறு சிலர் மக்ரூஹ் என்றும், ஹராம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அன்று அதன் தீமை ஐயத்திற்குரியதாக இருந்தது. அது மருத்துவத்தால் உறுதியான பின்னர், நம் காலத்து உலமாக்களில் பெரும்பாலோர் விலக்கப்பட்டது என்ற முடிவுக்கே வந்துள்ளனர்.

செலவைப் பற்றி உலமாக்கள் இரு சொற்களைப் பிரித்துப் பேசுவார்கள். ஆகுமான ஒன்றில் அளவு மீறிச் செலவிடுவது இஸ்ராஃப். செலவிடத் தகாத வழியிலேயே செலவிடுவது தப்தீர். நல்ல உணவுக்கும் உடைக்கும் வரம்பு மீறினால் முதல் வகை. மேலே சொன்ன பெட்டி எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம்.

அன்பளிப்புத்தானே, நான் புகைக்கப்போவதில்லையே என்ற வாதமும் நிற்காது. பிறர் உடலுக்குத் தீங்கு தரும் ஒன்றை நம் கையால் கொடுக்கிறோம். அதுவும் மேலதிகாரிக்கு, நம் தகுதிக்கு மீறிய விலையில் கொடுக்கும்போது, அது அன்பளிப்பா, காரியம் சாதிப்பதற்கான கையூட்டா என்ற ஐயம் கொடுப்பவர் மனத்திலேயே எழும். ஒரு நல்ல பேரீச்சம்பழப் பெட்டியோ, அத்தரோ போதாதா? ஊதுக் கட்டைக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்களே, அதற்கும் இதே கேள்வி பொருந்தாதா என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும்தான். அங்கும் பெயருக்கென்று கொடுக்கும் பங்கு உண்டு.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு சுருட்டு எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டார். பெரியதானால் ஒரு மணி நேரம் என்றேன். விரல்களை மடக்கிச் சிறிது நேரம் கணக்குப் பார்த்தார். மகன் இன்னும் வாங்கவில்லையாம். சம்பளம் வருவதற்கு நான்கு நாள்கள் இருக்கின்றன என்றும், அஸருக்குப் பிறகு பேசிப் பார்ப்பதாகவும் கூறிவிட்டு எழுந்தார்.