கோதுமை ஒருவருக்கு ஆகாவிட்டால் வீடே விடவேண்டுமா?

கோதுமை அதிகம் உண்ணும் வட மாநிலங்களில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு சீலியாக் என்ற குடல் நோய் உள்ளது. தமிழகத்தில் இது மிகக் குறைவு. கோதுமை, பார்லியில் உள்ள குளுட்டன் என்ற புரதம் இவர்களின் சிறுகுடலைக் கெடுக்கிறது. உண்ட சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, இரத்த சோகை, குழந்தைகள் வளராமை ஆகியவை அறிகுறிகள். குளுட்டனை ஆயுள் முழுவதும் விடுவதே சிகிச்சை.

வீட்டார் அனைவரும் விடவேண்டுமா? கட்டாயமில்லை. நோயில்லாதவருக்குக் கோதுமையை விடுவதால் தனிப் பலன் கிடையாது. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அதற்கு முன் கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் தெரியாமல் போகலாம்.

கோதுமை தொடரும் வீட்டில் நோயாளிக்குச் சல்லடை, பலகை, தோசைக்கல், மாவு டப்பா தனியாக வேண்டும். அவருக்கு முதலில் சமைப்பது நல்லது. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் ஆகாது. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு.

பொதுச் சமையலை அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமையில் வைத்துக்கொண்டால் தொல்லை குறையும். இவற்றில் இந்தக் குளுட்டன் இல்லை.

எனினும் கோதுமை அரைத்த மில்லில் கேழ்வரகை அரைத்தால் மாவு கலந்துவிடும். குளுட்டன் இல்லாத உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது விதி. எனவே சிறுதானிய மாவு விற்கும் விவசாயிகள் கோதுமைச் சாக்கைத் தவிர்த்து, தனி இயந்திரத்தில் அரைப்பது நல்லது.