தொழில் பழக்க ஓர் ஆள் இருந்தால் போதும்

கடைக்கும் கிட்டங்கிக்கும் ஆள் கிடைப்பதில்லை என்பது தேனி முதல் கூடலூர் வரை நம் வணிகர்கள் எல்லோரும் சொல்லும் குறை. விடிவதற்கு முன்பே போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப் ஏறி மலை எஸ்டேட்டுகளுக்குப் போய்விடுகிறவர்கள் பலர். படித்த பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விடுகிறார்கள். இதே ஊர்களில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலை கேட்டு அலையும் மாற்றுத்திறனாளி இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை ஏற முடியாது. வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்குவதும் சிரமம். உள்ளூரில் கிடைக்கும் வேலையே அவர்களுக்கு வாழ்வு.

"வைத்துப் பார்த்தோம், ஒரு வாரம்கூட நிற்கவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. ஏன் நிற்கவில்லை என்று விசாரித்தால், பெரும்பாலும் காரணம் ஊனம் அல்ல. வேலையைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததே காரணம். முதல் நாள் காலையில் கல்லாவுக்கு அருகில் நிற்கச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டால், எந்தப் புதிய ஆளும் தடுமாறத்தான் செய்வார்.

பழக்கிவிடுவது நமக்குப் புதிதல்ல

ஒருவரைக் கூடவே வைத்துத் தொழில் பழக்குவது வணிகர்களின் பழைய வழக்கம். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்கும் கடிதமும் பழகி அடுத்தாள் ஆவார். பிறகு மேலாள் ஆகிக் கடையையே நடத்துவார். இன்று வெளிநாடுகளில் 'வேலையிட வழிகாட்டி' என்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களை ஒரு நாள் பணியிடத்துக்கு அழைத்து, அங்கே வேலை பார்ப்பவரோடு சேர்த்துவிடும் வழிகாட்டும் நாள் ஒன்று தொடங்கப்பட்டது. இப்போது அது ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது.

நம் மாநிலத்தில் ஓசூரிலுள்ள டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை, தொடக்க காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்துப் பழக்கி வந்துள்ளது. மும்பையில் 2009-இல் தொடங்கிய மிராக்கிள் கூரியர் நிறுவனம், காது கேளாதவர்களையே தபால் கொண்டு சேர்க்கும் பணிக்கு அமர்த்தியது.

எந்த வேலை யாருக்கு ஏற்றது?

நம் தொழில்களையே எடுத்துக்கொள்வோம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கிகளில் 8 மில்லிமீட்டர் காய், அதற்குச் சிறிய காய் என்று சல்லடையில் பிரித்த பிறகு, நிறம் மங்கியது, வாய் பிளந்தது, பூச்சி அரித்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்க வேண்டும். இது உட்கார்ந்தே செய்யும் வேலை. கண்ணும் கையும் இருந்தால் போதும். காது கேளாமையோ கால் ஊனமோ இதற்குத் தடையாகாது. மளிகை, ஜவுளி, மருந்துக் கடைகளில் கணினியில் பில் போடுவது, சரக்கு இருப்பு எழுதுவது, போனில் ஆர்டர் எடுப்பது ஆகியவற்றை நடக்க இயலாதவர் நன்றாகச் செய்யலாம்.

பார்வையற்றவர் கல்லாவில் அமர முடியுமா என்று கேட்கலாம். புதிய வரிசை 100 ரூபாய் நோட்டில் முக்கோணமும், 500 ரூபாய் நோட்டில் வட்டமும் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சிடப்பட்டுள்ளன. ஓரங்களிலும் 100-க்கு நான்கு, 500-க்கு ஐந்து என்று சாய்கோடுகள் உண்டு. நோட்டைக் குரலில் சொல்லும் 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்டது. போன்வழி வரும் பணத்தைக் கடையிலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டியே சொல்லிவிடுகிறது.

பழக்கும் முறை

1. கடையில் பொறுமையுள்ள மூத்த பணியாளர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பழக்குபவருக்கு அந்த நேரத்தில் மற்ற வேலையைக் குறைத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை.

2. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒன்று கைவந்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

3. காது கேளாதவருக்குச் செய்து காட்டி, எழுதிக் காட்ட வேண்டும். 'சரக்கு வந்தது', 'எடை போடு', 'நிறுத்து' போன்ற பத்துப் பதினைந்து சைகைகளை அவரிடமே கேட்டு, கடை ஆட்கள் அனைவரும் பழகிக்கொள்வது நல்லது.

4. பார்வையற்றவர் வேலை செய்யும் கடையில் பொருளை இடம் மாற்றினால் உடனே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். நடைவழியில் மூட்டை அடுக்கக் கூடாது.

5. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எது கைவந்தது, எது சிரமம் என்று அவரையே கேட்க வேண்டும். மூன்று மாதம் இப்படிச் செய்தால் அவர் தனியாக நிற்பாரா என்பது தெரிந்துவிடும்.

பரிதாபப்பட்டுச் சும்மா உட்கார வைப்பதும் தவறு, பரிதாபத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதும் தவறு. தவறு செய்தால் மற்றவர்களைப் போலவே திருத்தவேண்டும். வேலைக்குத் தக்க கூலியைக் குறைவின்றிக் கொடுக்கவேண்டும்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை நிறுவனங்கள் வகுத்து அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்த ஒரு நாற்காலியே கால் ஊனமுற்றவருக்குப் பாதி வசதி.

ஆள் வேண்டுவோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தங்கள் தேவையைச் சொல்லலாம். 'ஒரு ஆள் வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், கடைக்குப் படி எத்தனை என்பதை எழுதிக் கொடுத்தால் பொருத்தமானவர் கிடைப்பார்.

நம் பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இந்த ஆண்டில் ஐந்து கடைகளைத் தேர்ந்தெடுத்து, கடைக்கு ஒருவர் வீதம் மூன்று மாதம் பழக்கிப் பார்க்கட்டும். ஒரு குடும்பத்துக்குச் சோறு கிடைக்கும். நமக்கும் ஊரை விட்டுப் போகாத, தொழில் தெரிந்த ஆள் கிடைப்பார்.