பட்டினியும் புற்றுநோயும்

"நோயாளி உண்ணாதிருப்பின் புற்றும் பட்டினியால் மடியும்" என்று கூறுவாரைப் பலவிடத்தும் காண்கிறோம். இஃது உண்மையாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தோர்க்கு ஓர் உவமை கூறலாம். எரிபொருள் அருகியபொழுது, சூளைக்குரியவர் புதுச்சரக்கை வனைந்து அடுக்கிக்கொண்டே போகார். வேலையைக் குறைத்து, நல்ல காலம் வருமளவும் தொழிலைக் காப்பர். உயிரணுவும் அத்தகையதே. அதன் தலையாய வேலை, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதம் ஆக்குதல். அதற்குப் பேராற்றல் செலவாகிறது. உயிரணுவில் ஆற்றலின் நாணயமாய் விளங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் பிஸ்க் என்பாருடன் கூடி, 1929-ஆம் ஆண்டில் இதனைத் தசையினின்றும் பிரித்தறிந்தார்.

புற்றுக்கட்டி விரைந்து வளர்வதால், அதன் உட்பகுதிக்கு இரத்தம் போதிய அளவு செல்வதில்லை. உணவு குன்றி ஏ.டி.பி. குறையுங்கால், ஏ.எம்.பி.கே. என்னும் நொதி விழிப்புற்று, ஈ.ஈ.எப்.2 கைனேஸ் என்னும் வேறொரு நொதியை ஏவுகிறது. புரதச் சங்கிலியை நீட்டுதற்குரிய காரணியின்மேல் இந்நொதி ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, அதனை முடக்குகிறது. உடனே கோக்கும் வேலை தளர்கிறது, ஆற்றல் மிஞ்சுகிறது, உயிரணு பிழைக்கிறது.

கானடா நாட்டு வான்கூவர் நகரில் சோரென்சன் குழுவினர் இதனை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். இந்நொதியை இழந்த புற்றணுக்கள் பட்டினியைத் தாங்காது மடிந்தன. நுண்ணிய உருளைப்புழு ஒன்றும் அவ்வாறே மடிந்தது. எனவே, இது புற்றுநோய் புதிதாய்க் கண்ட தந்திரமன்று. உயிர்கள் பஞ்சத்தைக் கடக்கத் தொன்றுதொட்டுக் கைக்கொண்ட வழியைப் புற்று தனதாக்கிக்கொண்டது எனலாம்.

ஆதலின், வெறும் பட்டினி புற்றை வெல்லாது. பசியைத் தாங்க அது வழியறிந்திருக்கிறது. மெலிவது நோயாளியின் உடலே. குறிபார்த்து விதிக்கும் பட்டினியோ வேறு. சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்து, போலிக் அமிலத்தின் பயனைப் புற்றணுக்களுக்கு மறுத்தது. அதனால் இரத்தப்புற்றுற்ற குழந்தைகள் சிலர் தற்காலிகமாக நலமடைந்ததை, பாஸ்டன் நகர் மருத்துவர் பார்பர் 1948-இல் அறிவித்தார். அவ்வாறே ஈ.ஈ.எப்.2 கைனேஸை அடக்கும் மருந்தையும் அறிஞர் நாடுகின்றனர். நலமுள்ள அணுக்களுக்கும் அந்நொதி துணையாதலின், அம்முயற்சி எளிதன்று.

பட்டினி போடவேண்டுவது நோயையன்றி நோயாளியை அன்று. உற்றார் ஒருவர் இந்நோயுற்றால், அவர் உணவைக் குறைக்குமுன் மருத்துவரை வினவுதல் நம் கடமையாம்.