லயத்து வாழ்க்கையை யார் எழுதுவது?

லண்டன் தெருக்களில் நீர்க்கீரை விற்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்து பேசினார். விடியுமுன் சந்தைக்கு ஓடுவது, குளிரில் நிற்பது, ரொட்டித் துண்டும் தேநீருமாகப் பசியாறுவது என்று அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதினார். 1849இல் நாளிதழில் தொடங்கிய அவருடைய பதிவுகள் பின்னர் வாரப் பகுதிகளாக வந்தன. 1850இல் சார்லஸ் டிக்கன்ஸ் இரண்டு பென்ஸ் விலையில் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழைத் தொடங்கினார். சாக்கடையும் ஆலை விபத்தும் அதில் கட்டுரைகளாயின. விக்டோரியா காலத்து லண்டன் ஏழையின் ஒரு நாளை இன்றும் நாம் அறிவது அந்த எழுத்துகளால்தான்.

அந்த நகரத்துக்குத் தேயிலை கொடுத்தவர்களின் நாள் என்ன ஆனது?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கை லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் லண்டன் கோப்பைகளுக்காகக் கொழுந்து பறித்தவை தமிழகக் கிராமங்களிலிருந்து சென்ற கைகள். அதே காலத்தில் மலாயாவில் நம்மவர்கள் கரும்பிலும் காப்பியிலும் உழைத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதி வைக்கப்பட்டது பெரும்பாலும் ஆள்கணக்கும் கூலிக்கணக்கும்தான்.

தமிழில் இதழ் இல்லாமல் இல்லை. விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887இல், ஜூன் 27 அன்று, சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அதில் வந்த 'விநோத சம்பாஷணை' உரையாடலாகவே எழுதப்பட்டது. 1890இல் இதழ் நின்றது. அதற்குள் துறைமுக நகரத்துத் தமிழ்ப் பேச்சு அச்சேறிவிட்டது. ஆனால் தோட்டத்துப் பேச்சு, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தின் வாசலோடு நின்றுவிட்டது.

மலாயாவின் கேமரன் மலையிலும் இதே கதைதான். வில்லியம் கேமரன் 1885இல் இந்த மலையை அளக்க வந்தபோது இங்கே தேயிலை கிடையாது. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் இங்குள்ள ரிங்லெட் ஊரைச் சுற்றிய சரிவுகள் பச்சைப் பாய் விரித்தன. அந்தப் பச்சையைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். அதன் நடுவே கூடை சுமந்து, பனியில் நனைந்து, அட்டைக்கடியோடு நிரை பிடித்த பெண்ணின் நாளைக் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. இன்று இருவர் பிடிக்கும் இயந்திரம் கொழுந்தை அறுக்கிறது. பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போய்விட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) என்ற சொற்களும் அவற்றோடு வாழ்ந்த நாட்களும் பாட்டிகளோடு போய்விடக் கூடாது.

ரிங்லெட் பிள்ளைகளே, அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பிள்ளையை யாரிடம் விட்டீர்கள், மழை நாளில் கூலி உண்டா, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள்.