ஹுன்ஸாப் பள்ளத்தாக்கும் அதன் பாஷைகளும்

காஷ்மீரத்திற்கு வடக்கே, காரகோரம் மலைகளின் நடுவே, பாகிஸ்தானின் ஆளுகைக்குட்பட்ட கில்கித்-பால்திஸ்தான் பிரதேசத்தில் ஹுன்ஸா என்னும் பள்ளத்தாக்கு உளது. அதன் தலைமையூராகிய கரீமாபாத் ஏறக்குறைய 8,000 அடி உயரத்திலுள்ளது. ஆற்றுக்கு அப்பால் 25,500 அடிக்கும் மேலாக ராக்கபோஷிச் சிகரம் ஓங்கி நிற்கின்றது.

இங்கு மழை மிகச் சொற்பம். பனிக்கட்டியாறுகள் உருகிவரும் நீரைச் செங்குத்தான பாறைகளில் வெட்டிய கால்வாய்களின் வழியே கொணர்ந்து, படிப்படியாயமைந்த வயல்களில் கோதுமையும் வாற்கோதுமையும் அப்ரிகாட் கனிகளும் விளைவிக்கின்றனர். கால்வாய் எட்டாதவிடமெல்லாம் வெறும் கல்லேயாம்.

நெடுங்காலம் மீர் என்னும் அரசர்கள் இந்நாட்டை ஆண்டனர். 1891-இல் ஆங்கிலேயர் படையெடுத்தபோது மீர் சப்தர் அலி சீன தேசத்திற்கு ஓடிப்போனார். அவருடைய சகோதரர் நாஜிம் கான் அரியணையேற்றப்பட்டார். 1974-இல் மீர்களின் ஆட்சி முடிவுற்றது.

இச்சிறு நாட்டில் பாஷைகளோ பல. வடபாகத்தில் பாரசீகத்திற்கு உறவான வாகியும், கீழ்ப்பாகத்தில் ஆரிய இனத்ததாகிய ஷீனாவும், நடுவே புருஷஸ்கியும் வழங்குகின்றன. புருஷஸ்கிக்கு உலகில் உறவுமொழி எதுவும் ஐயமற நிலைநாட்டப்படவில்லை. லாரிமர் என்பவர் அதனை ஆராய்ந்து 1935 முதல் 1938 வரை மூன்று பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார்.

நாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுப்பதை அம்மொழி நான்காகப் பகுக்கின்றது: ஆடவர், பெண்டிர், விலங்குகளும் எண்ணத்தக்க பொருள்களும், நீர் முதலிய எண்ணலாகாதவையும் கருத்துக்களும். ஆப்பிளைக் குறிக்கும் சொல்லே வகை மாறினால் ஆப்பிள் மரத்தைக் குறிக்கும். ‘இருவர்’, ‘இரண்டு’ என நாம் வேறுபடுத்துவதுபோல அவர்களும் எண்ணுப்பெயரை வேறுபடுத்துவர். நாற்பதை ‘இரண்டு இருபது’ என்பர். இவ்வொற்றுமை கொண்டு அதனைத் தமிழுக்கு உறவென்று துணிதல் தகாது.

மலைகள் அரணாய் நின்றதனாலேயே இத்தனை பாஷைகள் பிழைத்திருந்தன என்பர். அது பாதி உண்மையே. இசைவாணரும் கொல்லருமாகிய சில குடும்பங்களின் டோமாகி மொழி, அதே அரணுக்குள்ளேதான் குன்றிற்று. அவர்களுடைய மக்கள் சுற்றத்தார் பேசிய புருஷஸ்கியையே கைக்கொண்டனர். இன்று டோமாகி பேசுவோர் சில நூற்றுவரே.

1978-இல் காரகோரம் பெருவழி கட்டிமுடிக்கப்பட்டபின் உருது மொழியும் ஆங்கிலமும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் வலுப்பெற்றன. டோமாகிக்கு நேர்ந்தது புருஷஸ்கிக்கும் நேராதிருக்க வேண்டுமாயின், தாய்மார் தம் மொழியிலேயே பிள்ளைகளோடு பேசுதல் வேண்டும். வேறு அரண் அதற்கில்லை.