கணக்கைத் திருத்தியது யார்?

பேரேட்டில் ஓர் எண்ணை அடித்து எழுதினால் அடித்த இடம் தெரியும். மையின் நிறம் மாறும், தாள் தேய்ந்திருக்கும். கணினியில் மென்பொருள் தானாகப் பதிந்து வைத்தால்தான் தடயம். கடை நடத்துகிறவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கணக்கு மென்பொருள் வந்த கதையைப் பாருங்கள். 1972-இல் ஐபிஎம் கணினி நிறுவன வேலையை விட்ட ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய ஆலைகளின் கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்த மென்பொருள்களில் அவர்களுடையது முன்னோடி. 1986-இல் பெங்களூரில், தன் வியாபாரத்துக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காத ஷியாம் சுந்தர் கோயங்கா, மகன் பரத்தை எழுதச் சொன்னார். அதுதான் டேலி. இன்று ஒரு பில் போட்டால் சரக்கிருப்பு குறைகிறது, பாக்கி ஏறுகிறது, ஜிஎஸ்டி கணக்கும் சேர்ந்தே எழுதப்படுகிறது. பெரிய வசதிதான். ஆனால் ஒரு தப்பான பதிவும் அதே வேகத்தில் எல்லாக் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். அஞ்சலகக் கிளைகளில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, கிளை நடத்தியவர்கள் பணத்தைக் கையாடியதாக அவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் சொத்தை இழந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், கிளைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடிந்ததையும் 2019-இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற குருட்டு நம்பிக்கைக்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது; தெரிந்தவர்கள்தான் குறைவு. கணினியில் கணக்கு வைத்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 56. பதிவுபெற்ற சிறு வியாபாரிக்கும் இது பொருந்தும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் அணைக்க முடியாத எடிட் லாக் (ஒவ்வொரு திருத்தத்தையும் தானாகக் குறித்து வைக்கும் பதிவு) உள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். அவை கணக்குகளை 8 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

இந்த எடிட் லாக் முதலாளியைவிடக் கணக்கு எழுதுகிறவருக்குத்தான் பெரிய காவல் என்பேன். பல கடைகளில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போகிறார்கள். பணம் குறைந்தால் பழி மாதச் சம்பளக்காரர் தலையில் விழும். உங்கள் பெயரில் தனி லாகின் கேளுங்கள். பாஸ்வேர்டை யாருக்கும், முதலாளிக்கும்கூட, சொல்லாதீர்கள். மென்பொருளைச் சரிசெய்ய வெளியாள் தொலைவிலிருந்து இணைந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

திருட்டு நகல் மென்பொருளால் லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். இணையத்தில் இயங்கும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறீர்களா? சந்தா நின்றால் என் கணக்கு முழுவதையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவீர்கள் என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். தினமும் பேக்கப் எடுத்து, ஒரு நகலைக் கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள்.

கணக்கை யாராவது அழித்தாலோ திருடினாலோ உடனே அந்தக் கணினியில் வேலை செய்வதை நிறுத்துங்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளில் இழப்பீடும் தண்டனையும் உண்டு. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அச்சட்டத்தின் கீழ் மாநிலத்தில் உள்ள தீர்ப்பு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். மின்னணுப் பதிவைச் சாட்சியாக வைக்க உரிய சான்றிதழ் தேவை. அதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள். உண்மையான கணக்கைத் தொடாமல், சோதனைக்கென்று ஒரு கம்பெனியை மென்பொருளில் உருவாக்கி, ஒரு பில் போட்டு, தொகையை மாற்றிப் பாருங்கள். மாற்றியவர் பெயரும் நேரமும் தெரியவில்லை என்றால் நாளைக்கே ஆடிட்டரிடம் பேசுங்கள்.