குறுக்கெழுத்துப் புதிரும் அதன் அன்றாடத் தோழர்களும்

நாளிதழின் ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையுமாக இடம்பெறும் கட்டங்களை நாள்தோறும் நிரப்புவோரைச் சொல்வளம் மிக்கவர்கள் என்றோ பொது அறிவில் தேர்ந்தவர்கள் என்றோ மற்றவர்கள் கருதுவது வழக்கம். ஆனால் அப்பழக்கத்தில் பல ஆண்டுகள் ஊறியவர்கள் தம் அனுபவத்தைப் பகிரும்போது இவ்விரண்டையும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு வாக்கியம் எந்தப் பொருளை முதலில் நீட்டுகிறதோ அதை ஏற்காமல் ஒதுக்கிவைத்து, அதே சொற்களை வேறு விதமாகப் பிரித்துப் படிக்கும் பயிற்சியையே அவர்கள் முதன்மையாகச் சொல்கின்றனர்.

இப்புதிரின் தொடக்கம் எளிமையானது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியிட்ட வைர வடிவக் கட்டமே இன்றைய குறுக்கெழுத்துப் புதிர்களின் முன்னோடி. அதில் ஒவ்வொரு குறிப்பும் விடைச்சொல்லின் பொருளை நேராகவே கூறியது. 1924-இல் சைமன் அண்டு ஷூஸ்டர் பதிப்பகம் பென்சிலோடு சேர்த்து விற்ற புதிர் நூலால் அமெரிக்கா முழுவதும் இந்த ஆர்வம் பரவியது. டெய்லி டெலிகிராஃப் 1925-இலும் டைம்ஸ் 1930-இலும் புதிரை ஏற்றுக்கொண்ட பிரிட்டனிலோ அது வேறு பாதையில் வளர்ந்தது. பொருளை நேராகச் சொல்லாமல் மறைத்துச் சொல்லும் கிரிப்டிக் என்ற வகை அங்கேதான் உருப்பெற்றது.

கிரிப்டிக் குறிப்பு பொதுவாக இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, விடையின் நேர்பொருள்; அது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். மற்றொன்று சொல்விளையாட்டு, அது விடையின் எழுத்துகளைத் துண்டு துண்டாகக் கட்டித்தரும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை தெரியாதபடி, முழுக் குறிப்பும் இயல்பான ஒரே வாக்கியம்போல ஒலிக்கும். இதற்குத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம்: "மரத்தருகே துடி, கோவலனை ஈர்த்தவள் (3)". கோவலன் பெயரும் துடி என்ற சொல்லும் அடுத்தடுத்து வருவதால், படிப்பவரின் மனம் உடனே ஆடலரங்குக்குச் சென்று, துடியை ஒரு தோற்கருவியாகவே எண்ணிக்கொள்ளும். புதிரை அமைத்தவர் வேண்டுவதும் அதுவே. ஆனால் இங்கே துடி என்பது 'தவி' என்ற ஏவல் வினைக்கு ஈடாக நிற்கிறது. மரம் என்பது 'மா'. மாவின் அருகே தவியை வைத்தால் மாதவி கிடைக்கிறாள். நேர்பொருளும் சொல்விளையாட்டும் தனித்தனியே ஒரே விடைக்குக் கொண்டுசேர்ப்பதால், விடை சரியா என்று அறிய மறுநாள் நாளிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேர்பொருளை மட்டும் தரும் புதிரில் இல்லாத இந்த உறுதியே, கிரிப்டிக் புதிரில் ஒருமுறை நுழைந்தவர்களை அதிலிருந்து எளிதில் வெளியேற விடுவதில்லை.

இந்த உறுதி தானாக வந்ததன்று. அப்சர்வர் இதழில் 1926 முதல் டார்கெமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்த எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ், தாம் விரும்பிய விதத்திலெல்லாம் குறிப்புகளை வளைத்தார். அவருக்குப் பின் 1939-இல் அவ்விடத்துக்கு வந்த டி. எஸ். மக்நட், சிமெனிஸ் என்ற பெயரில் எழுதிய ஆசிரியர். குறிப்பில் நேர்பொருள், சொல்விளையாட்டு ஆகிய இரண்டைத் தவிர வீண்சொல் எதுவும் இருக்கலாகாது என்றும், சொல்விளையாட்டு இலக்கணப்படியும் பொருந்த வேண்டும் என்றும் அவர் 1966-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். டார்கெமாடாவும் சிமெனிஸும் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணைத் தலைவர்களின் பெயர்கள். தம்மை வதைப்பவருக்கு அத்தகைய பெயர் பொருத்தமே என்று வாசகர்களும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டனர். ஏமாற்றலாம், ஆனால் வஞ்சிக்கலாகாது என்ற இந்த வரையறையில்தான் புதிரின் கண்ணியம் அடங்கியிருக்கிறது. இதற்கு நேர்மாறான நிலையை இந்தியா கண்டிருக்கிறது. 1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட இதழ்கள் பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்திய காலம் ஒன்று இருந்தது. இத்தகைய பரிசுப் போட்டிகளில் ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் பொருந்துவதும், அவற்றுள் எது வெல்லும் என்பது யூகமாகிவிடுவதும் நேரக்கூடியதே. பிற்காலத்தில் இவ்வகைப் போட்டிகளை ஒழுங்குபடுத்த 1955-இல் நடுவணரசு தனிச் சட்டமே இயற்றி, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைத் தடைசெய்தது.

சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் புதிர், தமிழ்நாட்டில் இப்பழக்கத்தைப் பலரது வீட்டுக்குள் கொண்டுசென்றது. இந்தியக் கடற்படைத் தலைமைப் பொறுப்பை 1958-இல் ஏற்ற முதல் இந்தியரான ராம் தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப் பின் அந்நாளிதழுக்குப் புதிர்கள் அமைத்தார் என்பது பலரும் அறியாத செய்தி. பின்னர் கிரிட்மேன், சங்கலக், பஸ்ஸர் முதலிய புனைபெயர்களில் பலர் இப்பணியைச் செய்துவந்துள்ளனர். நாள்தோறும் புதிரை அவிழ்ப்பவர்கள் இப்பெயர்களை நெருங்கிய உறவினரின் பெயர்போல உச்சரிப்பர். பெயரைப் பார்க்காமலே, இரண்டு மூன்று குறிப்புகளைப் படித்தவுடன் இது இன்னாருடைய கைவண்ணம் என்று சொல்லிவிடுவோரும் உண்டு.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பழகியவர்கள் தரும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. முதல் சில மாதங்கள் புதிரை நிரப்ப முயல்வதைவிட, மறுநாள் வெளியாகும் விடைகளை முந்தைய நாள் குறிப்புகளோடு ஒப்பிட்டு, இந்தக் குறிப்பிலிருந்து இந்த விடை எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிப் படிப்பது பயன் தரும். உடைந்த, குழம்பிய, குடிபோதையில் என்பன போன்ற சொற்கள் வந்தால், அருகிலுள்ள எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் அனகிராம் அங்கிருக்கலாம் என்பது இப்படித்தான் பிடிபடுகிறது. பழகியவர்கள் அனகிராமையும், அடுத்தடுத்த சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் விடைகளையும் முதலில் பிடித்து, அவற்றைக் குறுக்கே வெட்டும் சொற்களுக்கு அவ்வெழுத்துகளைப் பிடிமானமாகக் கொண்டு முன்னேறுகின்றனர். பெரும்பாலான கட்டங்கள் விரைவில் நிரம்பி, கடைசி இரண்டு மூன்று குறிப்புகள் மட்டும் அசையாமல் நிற்பது அனைவரும் சொல்லும் அனுபவம். அப்போது தாளை மடித்துவைத்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றபின், குளிக்கும்போதோ பேருந்தில் நிற்கும்போதோ விடை தானாகத் தோன்றுவதும் அவர்களுக்குப் பழக்கமானதே. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926-இல் சிந்தனைக் கலை பற்றி எழுதிய நூலில், ஆயத்தம், அடைகாத்தல், ஒளிபெறல், சரிபார்த்தல் என்று படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். காலையில் ஆயத்தமாகி மாலையில் ஒளிபெறும் புதிர் ஆர்வலருக்கு இப்பகுப்பு நன்றாகவே பொருந்துகிறது.

வாலஸ் கடைசியில் வைத்த சரிபார்த்தலே ஆர்வலர்களின் கூட்டத்துக்கு உயிர்நாடி. அதை அவர்கள் பார்சிங் என்கின்றனர்; விடையின் ஒவ்வோர் எழுத்தும் குறிப்பின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று கணக்குக் காட்டுவதே அதன் பொருள். விடையை நிரப்பிய பின்னும் அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், தேர்ந்தவர் அதைத் தீர்த்ததாகக் கருதமாட்டார். தனியே அமர்ந்து செய்யும் இவ்வேலையைப் பிறரோடு பேச வைப்பது இந்தக் குறையுணர்வே. ஒருவருக்குக் கிரிக்கெட் சொல் தெரியாது. மற்றொருவருக்குத் தேவாலயக் கட்டடக் கலைச்சொல் புதிது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்ப, அன்றைய புதிர் முழுமையடைகிறது. அவர்களிடையே எழுதப்படாத ஒழுங்கு ஒன்றும் உண்டு: பிறர் கேட்காமல் விடையைச் சொல்லக்கூடாது, கேட்டாலும் முதலில் சிறு துப்பு மட்டுமே தரவேண்டும். சிமெனிஸ் காலத்திலேயே இந்த உறவு இருவழிப்பாதையாக இருந்தது. ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குக் குறிப்பு எழுதும்படி அவர் வாசகர்களைக் கேட்பார். வந்தவற்றுள் சிறந்தவற்றை அச்சிட்டுத் தம் கருத்துரையோடு தனித்தாளாக அனுப்புவார். புதிரை அவிழ்த்தவர்கள் பலர் புதிரை அமைப்பவர்களாக மாறியது இப்படிப்பட்ட பயிற்சியால்தான்.

வேகத்தை அளவுகோலாகக் கொள்வோரும் உள்ளனர். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் தன் அலுவலகத்தில் நடத்திய 12 நிமிடப் போட்டியில் பங்கேற்ற சிலர், பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைக்கும் பணிக்கு அழைக்கப்பட்டனர் என்பது புகழ்பெற்ற வரலாறு. எனினும் நாள்தோறும் புதிரோடு வாழ்பவருக்குக் கடிகாரம் அவ்வளவு முக்கியமன்று.

புதிரை அமைப்பவருக்கும் அவிழ்ப்பவருக்கும் இடையிலுள்ள நெருக்கம் எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதை ஜான் கிரஹாமின் கடைசி ஆண்டு காட்டுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவான அவர், 1958 முதல் கார்டியன் நாளிதழில் புதிர் அமைத்தவர்; பின்னர் அங்கே அரவ்கேரியா என்ற பெயரைச் சூடிக்கொண்டார். ஆங்கிலத்தில் 'குரங்குப் புதிர்' எனப்படும் மரத்தின் தாவரவியல் பெயர் அது. 2013 ஜனவரியில் வெளியான அவருடைய புதிர் ஒன்றின் முன்குறிப்பில், அரவ்கேரியாவுக்கு 18 இருக்கிறது என்றும், அது 19-இல் உள்ளது என்றும், 13, 15 ஆகியவற்றால் கவனிக்கப்படுகிறது என்றும் எண்களாகவே எழுதியிருந்தது. கட்டங்களை நிரப்பிய பிறகே அவ்வெண்கள் முறையே புற்றுநோய், உணவுக்குழாய், வலிதணிப்புப் பராமரிப்பு என்பது வாசகர்களுக்குப் புலப்பட்டது. தம் நோயை அவர் அறிவிப்பாகத் தராமல், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மோடு நாள்தோறும் பேசிவந்தவர்கள் தாமே கண்டறியும்படி, அவர்களுக்குப் பழகிய மொழியிலேயே தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் தமது 92-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தமிழிதழ்களில் வரும் குறுக்கெழுத்துகள் பெரும்பாலும் நேர்பொருள் வகையைச் சேர்ந்தவை. கிரிப்டிக் வகை தமிழிலும் அமைக்கப்படுகிறது. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் தென்றல் மாத இதழ் அத்தகைய புதிர்களை வெளியிட்டிருக்கிறது. தமிழில் ஒரு கட்டத்துக்குள் ஓர் உயிர்மெய் முழுதாக அமர்வதால், எழுத்துக் கலைப்பு ஆங்கிலத்தில்போல் எளிதன்று. கவலை, கலவை ஆகிய சொற்கள் ஒன்றன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் மற்றது வருவதுபோல் தோன்றினும், லையும் ல-வும் வெவ்வேறு எழுத்துகள் என்பதால் கட்டத்துக்குள் அம்மாற்றம் செல்லாது. ஆனால் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தமிழுக்கு இயல்பாக வரும். "கவிதையின் தலையைக் கிள்ளினாலும் முளைப்பது (2)" என்ற குறிப்பு, முதலெழுத்தை இழந்த கவிதையை விதையாக்கிவிடுகிறது.

சொற்களுக்குள் விடையை ஒளிக்கும் முறையில் வல்லினம் மிகுதல் குறுக்கே நிற்கிறது. "பூவை கைவிட்டதன் உள்ளே ஓடும் மதுரை ஆறு (2)" என்ற குறிப்பில் அடுத்தடுத்த இரு சொற்களின் நடுவே வைகை ஒளிந்திருக்கிறது. பூவை என்பது பெண்ணைக் குறித்து எழுவாயாக நின்றால் மட்டுமே இக்குறிப்பு நிலைக்கும். மலர் என்று கொண்டால், இரண்டாம் வேற்றுமைக்குப் பின் 'பூவைக் கைவிட்ட' என ககர ஒற்று மிகுந்து, ஆற்றைக் குறுக்கே அடைத்துவிடும். ஒற்றைக் கணக்கில் கொள்வதா, விடுவதா என்பது பற்றிப் புதிர் அமைப்போரும் அவிழ்ப்போரும் ஒத்த முடிவுக்கு வருவது, தமிழ்க் கிரிப்டிக் புதிருக்கு இன்றுள்ள முதல் தேவை.